இருபதடி என்று நினைத்த மரம்

கொல்லையில் பட்டுப்போய் நின்ற மரத்தை வெட்டிவிடுவதென்று நர்ஸும் அவள் தம்பியும் முடிவெடுத்தார்கள். பின்பக்கம் மின்கம்பி ஓடியதால் வீட்டுப் பக்கம் சாய்ப்பதைத் தவிர வழியில்லை. மரத்துக்கும் சமையலறைச் சுவருக்கும் இடையே இருபத்தெட்டு அடி.

"மரம் அதைவிட உசரமா இருந்தா என்னக்கா பண்றது?"

"அளந்துட்டா போச்சு."

மகளின் ஜியோமெட்ரி பெட்டியிலிருந்து ஒரு மூலைமட்டத்தை உருவி வந்தாள். தரையில் கன்னம் பதியப் படுத்து, மட்டத்தைத் தரையில் நிறுத்தி, சாய்ந்த விளிம்பு வழியே மேலே பார்த்தாள். உச்சிக்கிளை அந்தக் கோட்டில் வந்து உட்காரும்வரை தவழ்ந்து நகர்ந்தாள். தம்பி டேப்பைப் பிடித்தான். அடிமரத்திலிருந்து இருபது அடி.

"நாப்பத்தஞ்சு டிகிரி முக்கோணத்துல ரெண்டு பக்கமும் சமம்டா. தரையில இருபதுன்னா உசரமும் இருபதுதான். எட்டடி மிச்சமே இருக்கு."

தம்பி அறுத்தான். மரம் முனகிச் சாய்ந்தது. சாயச் சாய நீண்டுகொண்டே போனது. சமையலறைக் கூரை அப்பளமாக நொறுங்கியது.

"அக்கா, மாமா உள்ள பாத்திரம் கழுவிட்டிருந்தாரே!"

ரத்தத்தைத் தினமும் பார்க்கிறவள், வாசற்படியில் ஒரு கணம் நின்றுவிட்டாள். புழுதிக்குள் பாய்ந்தபோது கணவன் கூடத்தில் நின்றிருந்தான், கையில் ஃபோனோடு, பேயறைந்தவன் மாதிரி.

"ஃபோன் அடிச்சுது... எடுக்க வந்தேன்... ராங் நம்பர்."



தம்பி விழுந்த மரத்தில் டேப்பை ஓட்டினான். ஏறக்குறைய முப்பத்தைந்து அடி. நர்ஸ் மூலைமட்டத்தைத் தேடி எடுத்தாள். செங்கோணத்தை ஒட்டிய பக்கங்களில் ஒன்று குட்டை, ஒன்று நெட்டை. நாற்பத்தைந்து டிகிரி மட்டம் பெட்டியிலேயே கிடந்தது. இது முப்பதும் அறுபதும் கொண்ட மற்றொன்று. குட்டைப் பக்கத்தைத் தரையில் வைத்து, அறுபது டிகிரியில் அண்ணாந்து பார்த்திருக்கிறாள். அதில் நெட்டைப் பக்கம் குட்டையைப்போல் ஒன்றே முக்கால் மடங்குக்குச் சற்றுக் குறைவு. இருபதுக்கு முப்பத்துநாலரைக்கு மேல். கணக்கு இம்மியும் பிசகவில்லை.

"தெரிஞ்ச கணக்குங்க," என்றாள் கணவனிடம். "கையில இருந்ததைப் பாக்காம விட்டுட்டேன்."

அவன் மணிக்கட்டைப் பற்றி நாடி பார்த்தாள். எண்ணிக்கை பாதியில் தவறிப்போனது. விட்டுவிட்டு மறுபடி பிடித்தாள்.