அணையடியில் ஓர் அதட்டல்

அறுபத்துநான்காம் வருஷம் தலைதீபாவளிக்கு மறுநாள் அந்தப் பழைய அணையில் இருந்தவர்கள் இவர்கள்: தாராவி பூலோகம், அவர் மனைவி முப்பிடாதியம்மாள், மகள் பூமாரி, புது மருமகன் கணேசபாண்டியன், லாரியில் அழைத்துவந்த பக்கத்து வீட்டு மன்சூர் அலி. ஞாயிறானால் பம்பாயே வந்து குளிக்கும் இடம். அன்று வேறு எவரும் இல்லை.

கல்யாணுக்கு அப்பால், வெள்ளைக்காரன் காலத்தில் ஆற்றை மறித்துக் கட்டிய சிமெண்டுச் சுவர் அது. தண்ணீர் அதன் தலைமேல் கண்ணாடிபோல் வழிந்து, ஆள் உயரம் விழுந்தது.

முப்பிடாதியம்மாள் மேல்கரையில் பாத்திரம் கழுவினாள். கைதவறிய டால்டா டப்பா சுவரைத் தாண்டி விழுந்தது. எட்டிப் பார்த்தாள். டப்பா ஓடிப்போகவில்லை. நுரையில் உருண்டு விலகும், மறுபடி சுவருக்கே வரும். ஒருமுறை ஆழத்தில் அமுங்கியது. அப்போதுதான் தூரத்தில் போய்த் தலைகாட்டியது.

மருமகனிடம் மாமியார் நேரே பேசுவது அந்தக் குடும்பத்தில் வழக்கமில்லை. "பூமாரி, மாப்பிள்ளைய சுவத்துமேல போகவேண்டாம்னு சொல்லு. கீழ தண்ணி ஆள விடாது."

"அம்மா வேண்டாங்காவ."

"தாமிரபரணியில பெறந்தவன்னு அத்தைட்ட சொல்லு" என்று சிரித்தபடி ஏறியவர், நடுச்சுவரில் பாசி வழுக்கிக் கீழே நுரைக்குள் விழுந்தார்.

நீந்தத் தெரிந்தவர்தான். கைவீசி நீந்த நீந்த, நுரை அவரைச் சுவருக்கே இழுத்து வந்தது. மன்சூர் அலி கயிறெடுக்க லாரிக்கு ஓடினார். பூலோகம் சட்டையைக் கழற்றினார்.

"நீங்களும் போனா ரெண்டு பேரு. நில்லுங்க!" என்று கையைப் பிடித்துக்கொண்டாள் முப்பிடாதியம்மாள். மகளைப் பார்த்தாள். பூமாரிக்கு நா எழவில்லை. இனி யாரிடம் சொல்லி அனுப்புவது?

முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"ஏலே கணேசபாண்டி! மேல நீந்தாத! முங்குல! மூச்சப் பிடிச்சு அடியோட போயிருல!"

அந்த அதட்டலில் எதிர்க்கரைக் கொக்குகள் பறந்தன. மருமகன் முங்கினார். நுரை மட்டும் தெரிந்தது. பூமாரி தாலியைப் பற்றிக்கொண்டாள். பிறகு வெகுதூரத்தில், பாறைக்குப் பக்கத்தில், கருந்தலை ஒன்று மேலே வந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் எழுந்து நின்று கையை உயர்த்தினார் கணேசபாண்டியன். கயிறோடு வந்த மன்சூர் அலி, "ஷாபாஷ், ஷாபாஷ்!" என்று கரையில் துள்ளிக் குதித்தார்.

"மாப்பிள்ளையப் போயி ஏலேன்னா கூப்பிட்ட?" என்றார் பூலோகம், கண்ணைத் துடைத்தபடி.

"மாமா, 'தயவுபண்ணி முங்குங்க மாப்பிள்ளை'ன்னு அத்தை சொல்லி முடிக்குமுன்ன நான் போய்ச் சேந்திருப்பேன்."

அன்று இலையில் கறியை, "இன்னும் வைக்கட்டுமா?" என்று நேரே கேட்டே வைத்தாள் முப்பிடாதியம்மாள்.

மாமியார் ஆற்றில் குதித்து, மாப்பிள்ளையை முடியைப் பிடித்து இழுத்துவந்ததாகத் தாராவியில் ஒரு பேச்சு உண்டு. அது பொய். அம்மாளின் கால்கூட நனையவில்லை. மாப்பிள்ளை தாமே முங்கி, தாமே கரையேறினார்.