பெரியப்பா பார்த்த நெருப்பு

பள்ளி முடித்த தம்பி மகள் தொழிற்கல்லூரியில் வெல்டிங் படிக்க அனுமதி கேட்டதும் பெரியப்பா வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். "டாக்டர், வக்கீல்னு இருக்கிற குடும்பம்டி இது. இரும்பு ஒட்டவா போறே?" அவர் சொல்லை மீறி அந்த வீட்டில் யாரும் எங்கும் சேர்ந்ததில்லை. கல்லூரியைச் சுற்றிக்காட்டும் நாளில், மறுத்துவிடும் எண்ணத்தோடுதான் அவளோடு போனார்.

பட்டறையில் அவளை ஒருமுறை ஒட்டிப் பார்க்கச் சொல்லி, அவருக்கும் ஒரு கறுப்புக் கண்ணாடி முகமூடி கொடுத்தார்கள். உள்ளே ஒரே இருட்டு. சட்டென்று ஒரு நட்சத்திரம் பிறந்தது. அதன் அடியில் இரும்பு தண்ணீராய் உருகி, அவள் கை போன வழியே நகர்ந்து, இரண்டு தகடுகளை ஒன்றாக்கியது. பெரியப்பா மூச்சு விடவே மறந்தார்.

அவள் முகமூடியைத் தூக்கினாள். "கோணலாத்தான் வந்திருக்கு. சேரட்டுமா பெரியப்பா?"

"சேராம? அந்தக் கோணலை நிமிர்த்த வேற எங்க போய்ப் படிப்பே?" என்றார்.