அண்ணனின் அரைவண்டி

"இதுக்கு மேல வேன் போகாதுண்ணே, மன்னிச்சிருங்க" என்று சொல்லிவிட்டு ஓட்டுநர் எஞ்சினை அணைத்தார். வேனுக்குள் மகேஸ்வரனின் சவப்பெட்டி இருந்தது. எதிரே செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதை மூன்று நாள் மழையில் களியாகக் கிடந்தது. அந்தப் பாதையில் ஒரு கிலோமீட்டர் போனால்தான் இடுகாடு.

வழி பார்க்கிறேன் பேர்வழி என்று முன்னால் போன பெரியப்பா மகன் விஜயனின் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி, ஓரத்துத் தண்ணீர்க் கானுக்குள் சரிந்து கிடந்தது. தோளில் தூக்கிப் போகலாம் என்றால், வெறுங்கையோடு நடந்தவரே இரண்டு முறை வழுக்கி விழுந்தார். மறுபடியும் வானம் இருட்டிக்கொண்டு வந்தது.

தண்ணீர்த் தொட்டியும் மண்வெட்டியும் ஏற்றிய அண்ணன் மகேஸ்வரனின் பிக்அப்பைத் தங்கை தேன்மொழிதான் இந்த முச்சந்தி வரை ஓட்டி வந்திருந்தாள். லாயாங் லாயாங் ஊரில் பள்ளி வேன் ஓட்டுபவள். சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பது ஏற்பாடு.

பின் சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டி அது. இரண்டு அங்குலம் உயர்த்தி, சேற்று டயர் மாட்டி, அடியில் தகடு அடித்து, இரண்டு வருஷம் அதோடு மல்லுக்கட்டினார் அண்ணன். அண்ணி ஷாமளா அதற்கு வைத்த பெயர் சக்களத்தி. விஜயன் வைத்தது அரைவண்டி. "புலியப் பாத்து பூனை சூடு போட்டுக்கிட்ட கதையால்ல இருக்கு!" என்று ஊர் கேட்கச் சிரித்தவர் அவர். ஞாயிறுதோறும் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, பிறகு தானே ஓட்டிப் பழகியவள் தேன்மொழி. அண்ணனைக் கேலி செய்தபோதெல்லாம் அவளுக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

"பெட்டிய இதுல ஏத்துங்க. நான் ஓட்டுறேன்" என்றாள்.

சித்தப்பா ஐயாசாமி குறுக்கே வந்தார். "பொம்பளைங்க இடுகாட்டுக்கு வர்ற வழக்கம் கிடையாதும்மா. விஜயன்கிட்ட சாவியக் குடு."

விஜயன் சேறு அப்பிய கால்சட்டையைப் பார்த்துக்கொண்டார். "எனக்கு இத ஓட்டத் தெரியாது சித்தப்பா. மகேசும் தேனும்தான் ஓட்டுவாங்க. வழக்கம் பாத்தோம்னா அவன் ரோட்டுலயேதான் கெடப்பான்லா."

ஐயாசாமி வழிவிட்டு ஒதுங்கினார்.

தேன்மொழி குந்தி உட்கார்ந்து, சேற்றில் பிடிமானம் கிடைக்க நாலு டயரிலும் காற்றைப் பாதியாக இறக்கினாள். பின்தட்டில் இரண்டு மணல் மூட்டைகள் கிடந்தன. பின்னால் பாரம் இருந்தால்தான் சக்கரம் மண்ணைப் பிடிக்கும் என்று அண்ணன் எப்போதும் போட்டு வைப்பவை. பெட்டி வைக்க அவை இடைஞ்சலாக இருந்தன.

"இத என்ன செய்ய?" என்றார் விஜயன்.

"எறக்கிருங்க. அதான் அண்ணன் இருக்காருல்ல."

தண்ணீர்த் தொட்டியையும் இறக்கிவிட்டு, பெட்டியை ஏற்றி, மண்வெட்டிகளோடு ஆண்கள் பக்கத்தில் நடந்தார்கள். முதல் பள்ளத்தில் வண்டியின் வால் ஒருக்களித்தது. கைபிரேக்கை மூன்று பல் அளவுக்கு மட்டும் இழுத்தாள். ஒரு சக்கரம் வீணாகச் சுற்றாமல் இரண்டும் சேர்ந்து இழுக்க அண்ணன் செய்கிற வித்தை. வண்டி முனகியது, பிடித்தது, ஏறியது. விஜயனின் வண்டியைத் தாண்டும்போது அவளுக்குப் பெருமையில் நெஞ்சு விம்மியது, கண்ணும் நிறைந்துவிட்டது. "பாத்தீங்களாண்ணே, ஒங்க வண்டிய!" என்று வாய்விட்டே சொன்னாள். ஓரிடத்திலும் நிற்காமல் குழி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

மண் தள்ளி முடியும் வரை அவள் வண்டியை விட்டு இறங்கவில்லை.

திரும்பும்போது, பெட்டி இருந்த இடத்தில் ஏற ஆண்களுக்குக் கூச்சம். பின்னாலேயே நடந்து வந்தார்கள். போகும்போது ஏறிய அதே பள்ளத்தில் சக்கரம் சும்மா சுழன்றது. மூன்று பல் இழுத்தாள், நான்கு பல் இழுத்தாள். பிடிக்கவில்லை. கண்ணாடியில் வெறும் தட்டும் ஒட்டிக்கிடந்த சாமந்தி இதழ்களும் தெரிந்தன.

ஐயாசாமி ஜன்னலுக்கு வந்தார். "என்னம்மா வேணும்?"

"பாரம் பத்தல சித்தப்பா."

அவர் வேட்டியை மடித்துக் கட்டினார். "எங்க உக்காரணும், சொல்லு."

"பின் சக்கரத்துக்கு மேல."

அவர்தான் முதலில் ஏறினார். பிறகு விஜயன், பிறகு மற்றவர்கள். நடுவில் ஓர் ஆள் நீளத்துக்கு இடம் விட்டு, இரண்டு ஓரமாக நெருக்கி உட்கார்ந்துகொண்டார்கள்.