பன்னிரண்டு மூக்குகள்

ராஜகீழ்ப்பாக்கத்தில் பன்னிரண்டு வீடுகள் கொண்ட அந்த அடுக்குமாடியில், கூட்டத்தைக் கூட்டச் சொன்னதே மெஹ்னாஸ்தான். ஒன்பது வயது மகள் ரூக்சார் மஞ்சள்காமாலையில் இருபது நாள் படுத்துக் கிடந்து இப்போதுதான் எழுந்து நடக்கிறாள். தரைக்கடியில் தண்ணீர் தேக்கும் சம்பில் சாக்கடை கலக்கிறது, தோண்டிப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். வேறெதுவும் அவள் கேட்கவில்லை.

ஞாயிறு காலை, கார் நிறுத்துமிடத்தில் நாற்காலி போட்டார்கள். செயலாளர் பத்ரிநாராயணன் முப்பது வருடம் வேதியியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். அந்தக் கட்டடத்தில் அவர் தும்மினால்கூட அது ஆராய்ச்சி முடிவு. சம்பிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு, கண்ணை மூடி மோந்து பார்த்தார்.

“நத்திங். ப்யூர் வாட்டர். நீங்களும் பாருங்கோ.”

டம்ளர் கோயில் தீர்த்தம் போலப் பயபக்தியோடு கைமாறியது. அடுத்தவன் கிரீஷ். இதே தண்ணீரைப் பற்றி வாட்ஸ்அப் குழுவில் பதினாறு பதிவு போட்ட வீரன். “ஃபைன் சார்” என்றான். அபிதகுஜாம்பாள் மாமி, “குமட்டிண்டு வரதுடி, பல் தேய்க்க முடியல” என்று நேற்றுதான் மாடிப்படியில் மெஹ்னாஸின் கையைப் பிடித்துக்கொண்டு புலம்பியவள். இன்று டம்ளரை மோந்தாள், செயலாளர் முகத்தைப் பார்த்தாள்.

“ஒண்ணும் தெரியலையே. தேனாட்டம் இருக்கு.”

மோந்து பார்த்தே தேன்! மற்றவர்கள் அந்தச் சிரமத்தைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. டம்ளரை மூக்குக்குக் காட்டிவிட்டுத் தலையை ஆட்டினார்கள். மாடுகூடத் தொட்டியில் வாய் வைக்குமுன் ஒழுங்காக மோந்து பார்க்கும்.

கடைசியாக மெஹ்னாஸிடம் வந்தது. வாடை குப்பென்று மண்டைக்கு ஏறியது. பதினொரு முகங்களும் அவளையே பார்த்தன. இத்தனை படித்தவர்களுக்குத் தெரியாததா? ஒருவேளை நம் மூக்கில்தான் கோளாறோ? தகராறு பிடித்த வீடு என்று பேர் வாங்க வேண்டுமா?

“இன்னிக்கு... நல்லாத்தான் இருக்கு சார்.”

‘நீர் நன்று, ஏகமனதாக’ என்று எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த ரூக்சார் சாவியை வாங்கிக்கொண்டு மேலே போனாள்.

மெஹ்னாஸ் நாற்காலிகளை அடுக்கிவிட்டுத் திரும்பியபோது, கேன் தண்ணீர் போடும் அந்தோணிசாமி வண்டியோடு வந்து நின்றார்.

“இன்னாக்கா, மீட்டிங்ல இன்னா பேசினீங்க? அல்லாரும் ஒரே நேரத்துல போனப் போட்டு ரெண்டு கேன் எக்ஸ்ட்ரா கேக்கறாங்க. செகரட்ரி சாருக்கு மட்டும் மூணு!”

மெஹ்னாஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோழைகள், அத்தனையும் கோழைகள் என்று பதினொரு பேரையும் மனதுக்குள் வைதுகொண்டே படியேறினாள். பன்னிரண்டாவது ஆளை வசதியாக விட்டுவிட்டாள்.

சமையலறைக் குழாயடியில் ரூக்சார் டம்ளரோடு நின்றிருந்தாள். பாதி காலி. மெஹ்னாஸ் பாய்ந்து பிடுங்கினாள்.

“ஏன்டி இதப் போய்க் குடிச்சே?”

குழந்தை மிரண்டுபோனது.

“கேன்ல தண்ணி இல்ல உம்மா. இது நாத்தமாத்தான் இருந்துச்சு. எனக்கு மட்டும்தான் அப்படி இருக்குதுன்னு நெனச்சேன். நீயும்தானே நல்லாருக்குன்னு சொன்னே?”