கப்பலடியில் விட்ட செருப்பு

1

சரோஜாவுக்கு இரண்டு குதிகாலும் எரிந்துகொண்டிருந்தன. புதுப்பட்டினம் மீன் மார்க்கெட்டில் வஞ்சிரம் அறுத்துக்கொண்டே, கால் ஏன் இப்படி ஆனது என்று அவள் என்னிடம் சொன்னதுதான் இந்தக் கதை. சொன்னதில் பாதி சிரிப்பு. எழுத உட்கார்ந்தால் அந்தப் பாதி மட்டும் வரமாட்டேன் என்கிறது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: கரையைத் தாண்டி அறியாத அந்த ஏழைத் தாய், கண்ணீர் மல்க —

(அடித்துவிட்டேன். படித்துக் காட்டியபோது அவளே நிறுத்தினாள். "யாருபா அந்த அழுமூஞ்சி? நான் குஷியா சுத்திக்கினு வந்தேன்.")

2

நடந்தது இது. சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மகள் பவானி, அம்மாவைக் கரீபியன் கடலில் கப்பல் சுற்றுலா அழைத்துப் போனாள். கப்பல் புறப்படுவதும் திரும்புவதும் சான் ஹுவான் என்கிற பழைய துறைமுக ஊரில். ஏறுவதற்கு முன் ஊருக்குள் கொஞ்சம் நடந்தார்கள். தெருவெல்லாம் நீலம் பாரித்த கல். மஞ்சளும் ரோஸுமாக வீடுகள். தூரத்தில் கோட்டை, அதன் முன்னால் புல்வெளியில் ஊரே பட்டம் விட்டுக்கொண்டிருந்தது. சரோஜாவுக்கு அங்கே போயே ஆகவேண்டும். கப்பலுக்கு நேரமாகிவிட்டதால், திரும்பி வந்ததும் முதல் வேலை அதுதான் என்று மகளிடம் வாக்கு வாங்கிக்கொண்டாள்.

(இங்கே கோட்டையின் வரலாறு அரைப் பக்கம் இருந்தது. சரோஜா பார்த்தது பட்டத்தை. வரலாறு போகட்டும்.)

3

எங்கள் கரையில் யாரும் செருப்புக் காலோடு படகில் ஏறமாட்டார்கள். சோறு போடுவது அது. [விளக்கினால் பாடம் மாதிரி இருக்கிறது, விளக்காவிட்டால் கதை நகராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.] எத்தனை மாடிக் கப்பலானாலும் சரோஜாவுக்கு அது படகு. ஏறுகிற இடத்தில், சுவரோரமாகச் செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்துவிட்டு ஏறினாள். முன்னால் போன பவானி அறைக்குள் வந்த பிறகுதான் கவனித்தாள்.

"செருப்பு எங்கம்மா?"

"கீழ வுட்டுகீறேன். யார் எடுக்கப் போறா?"

அதற்குள் கப்பல் கரையை விட்டிருந்தது. பவானி கட்டிலில் விழுந்து சிரித்தாள். விருந்துக்கும் ஆட்டத்துக்கும் சரோஜா வெறுங்காலோடுதான் போனாள். நடுவில் இறங்கிய தீவுகளில் மணல். மணலுக்குச் செருப்பு எதற்கு?

4

திரும்பி வந்தபோது செருப்பு வைத்த இடத்திலேயே —

இப்படி முடித்தால் உங்களுக்குப் பிடிக்கும். பொய். துறைமுகத்தைப் பெருக்குகிறவர்கள் எதையும் விட்டுவைக்கவில்லை. வெயிலில் அந்த நீலக்கல் தோசைக்கல்லாகக் கிடந்தது. கடை கடையாக ஏறினார்கள். உப்புத் தண்ணீரில் நின்று நின்று விரிந்த பாதம்; எதைப் போட்டாலும் விரல் வெளியே நின்றது. விமானத்துக்கு நேரமாகிறது, கோட்டை வேண்டாம் என்றாள் பவானி. சரோஜா கேட்கவில்லை. நிழலுக்கு நிழல் தாவிக்கொண்டு நடந்தாள். குதிகால் வெந்தது.

வழியில் இளநீர் விற்றுக்கொண்டிருந்த ஒருத்தி அந்தத் தாவலைப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னா சிரிப்பு? நீ நடந்து பாரு" என்றாள் சரோஜா, தமிழில்தான்.

இளநீர்க்காரி தன் செருப்பைக் கழற்றி, காலாலேயே இவள் பக்கம் தள்ளினாள். அவளுக்கும் விரிந்த பாதம். அளவு எடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

[இதை யாரும் நம்பமாட்டார்கள் அக்கா என்றேன். மீன்பலகைக்கு அடியிலிருந்து காலை நீட்டினாள். ஆரஞ்சு வார், தேய்ந்த அடி. "நம்பாதவன வந்து போட்டுப் பாக்கச் சொல்லு."]

5

புல்வெளியில் யாரோ நூலைக் கையில் கொடுத்துவிட்டார்கள். சரோஜா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பட்டத்தோடு ஓடினாள். பவானி இழுத்துப் போய் டாக்ஸியில் போட வேண்டியிருந்தது. டாக்ஸி வேறு தெரு வழியாகப் போனது. விமான நிலையத்தில் இறங்கும்போதுதான் காலைப் பார்த்தாள்: இளநீர்க்காரியின் செருப்பு.

முடிவுக்கு வருவோம். சரோஜா மறுபடி அங்கே போனாள் என்று எழுதலாம். இளநீர்க்காரி வெறுங்காலோடு வீட்டுக்குப் போய், புடவை கட்டிய ஒருத்தி தாவிய கதையைச் சொல்லிச் சிரித்தாள் என்றும் எழுதலாம். எது பிடிக்கிறதோ வைத்துக்கொள்ளுங்கள். சரோஜா இரண்டையும் ஒத்துக்கொள்ளவில்லை.

"இன்னும் குடுக்கவே இல்ல. அதுக்குள்ள எப்பிடிப்பா முடிப்ப?"

ஆகவே முடிக்கவில்லை. சான் ஹுவானில், கோட்டைக்குப் போகிற தெருவில் இளநீர் விற்கிறவளுக்குச் சரோஜா ஒரு ஜோடி செருப்பு பாக்கி.