திருமயத்துக் கிராசிங்

“சூரத்தா? அது எங்குட்டு இருக்குன்னு தெரியுமாத்தா ஒனக்கு?”

“ரயிலு அங்குட்டுத்தானப்பா ஓடப்போகுது, காரைக்குடியிலயா ஓடுது?”

“ஞாயித்துக்கெழமை புதுவயல் மில்லுக்காரவுக பொண்ணு பாக்க வாராக. வேலையெல்லாம் பெறகு பேசு.”

“திங்கக்கெழமை சேரலைன்னா வேற ஆளப் போட்டுருவாகப்பா!”

நான் ஒட்டுக்கேட்கவில்லை. காம்பவுண்டுச் சுவரோரம் முருங்கைக்கீரை ஒடித்துக்கொண்டிருந்தேன். ஒரே கொப்பை, முக்கால் மணி நேரமாக.

பக்கத்து வீட்டு முத்துக்கண்ணன் மகள் சித்ராவுக்கு, மும்பைக்கும் அகமதாபாத்துக்கும் நடுவே போடுகிற அதிவேக ரயில் பாதையில் இன்ஜினியர் வேலை. மணிக்கு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் போகுமாம். அந்தக் கணக்கில் இங்கிருந்து புதுக்கோட்டைக்கு எட்டு நிமிஷம். ஜன்னல் சீட்டுச் சண்டைகூட அதற்குள் முடியாது.

“தெரியாத ஊர்ல யாரையாச்சும் இழுத்துக்கிட்டு வந்து நிப்பா,” என்றாள் அவள் அம்மா யோகலட்சுமி. “நாங்க பெரியவுக பாத்துவச்சுத்தான கட்டிக்கிட்டோம்?”

பெரியவர்களா!

மீட்டர் கேஜ் காலத்தில் யோகமும் நானும் டீச்சர் ட்ரெயினிங்குக்குப் புதுக்கோட்டை போய்வந்தோம். ஒற்றைப் பாதை. எதிர்வண்டி கடந்துபோகத் திருமயத்தில் காத்துக்கிடக்கும் எங்கள் வண்டி; அதுதான் கிராசிங். எதிர்வண்டியில் முத்துக்கண்ணன் காரைக்குடிக்கு வேலைக்கு வருவார். ஜன்னலுக்கு நேரே ஜன்னல். டீசல் வாடை, வெள்ளரிப்பிஞ்சுக்காரி குரல், எதிரே படிய வாரிய தலை. அப்போது அவருக்கு முடி இருந்தது. எதிர்வண்டி தாமதமானால் எல்லாரும் ரயில்வேயைத் திட்டுவார்கள். யோகம் மட்டும் பூவைச் சரிசெய்துகொள்வாள். முதலில் சிரிப்பு, பிறகு வாரப் பத்திரிகை, பிறகு அதற்குள் கடிதம். கம்பி வழியே கை நீட்டி வாங்கியது நான். அவளுக்கு வெட்கமாம்.

“அம்புட்டு வேகத்துல போறப்ப எதிர்வண்டி வந்தா என்னாடி ஆகும்?” யோகம் விடவில்லை.

“அது ரெட்டைப் பாதைம்மா. கிராசிங்கே கெடையாது!”

என் வாய் சும்மா இருக்குமா? “கிராசிங் இல்லாட்டி நீயே கெடையாதேத்தா!” என்றேன்.

சித்ரா சுவரருகே வந்தாள். “என்ன பெரியம்மா சொல்றீக?”

“அக்கா, நீங்க உள்ள போங்க!” என்று யோகம் கத்தினாள். நான் போகவில்லை. ஒன்று விடாமல் சொன்னேன்.

“அஞ்சு நிமிஷந்தான் நிக்கும்,” என்று முனகினார் முத்துக்கண்ணன்.

“பதினோரு நிமிஷம்,” என்றாள் யோகம் வெடுக்கென்று. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை நான் திருமயத்தில் பார்த்திருக்கிறேன்.

“புதுவயலுக்கு நான் போன் பண்ணிக்கிறேன்,” என்றார் மகளிடம். “நீ டிக்கெட்டப் போடு.”

புதுவயல் மாப்பிள்ளை அந்தத் தையிலேயே அமராவதிபுதூர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டார். சித்ரா சூரத்தில் கூட வேலை பார்த்த விருதுநகர்ப் பையனைக் கட்டினாள். பேரன் பிறந்ததும் யோகமும் அவரும் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அங்கேயே போய்விட்டார்கள். குடிவந்திருப்பது இளஞ்சோடி. எப்படி அமைந்தது என்று கேட்டேன். சொந்தத்தில் கட்டிக்கொண்டோம் என்கிறார்கள். முகம் அப்படிச் சொல்லவில்லை.