திரைக்கு அடியில்

வெயிலை மறைப்பதுதான் எங்கள் தொழில். ஜன்னல் திரை தைக்கும் கடை. நான் அளவெடுப்பேன், தம்பி தைப்பான். மனச்சிதைவு என்று டாக்டர் சொன்ன பிறகு அவன் தைத்தது ஒன்றே ஒன்று: தன் அறைக்கு ஒரு கறுப்புத் திரை. நட்டநடுப் பகலிலும் பொட்டு வெளிச்சம் நுழையாது. அது தொங்கும் நேர்த்தியைச் சொல்லி வாடிக்கையாளர்களிடம் பீற்றிக்கொண்டிருந்தேன்.

எட்டு மாதமாக மாத்திரை தவறவில்லை. அம்மாவே கையில் கொடுப்பாள். இருந்தும் மறுபடி சுவரோடு பேச ஆரம்பித்தான். இன்னும் மோசமானால் வார்டுதான் என்றார் டாக்டர். போன முறை வார்டிலிருந்து வந்தவனுக்குக் கத்தரிக்கோலைப் பிடிக்கவே ஒரு மாதம் ஆனது. ரத்தமும் எடுத்துப் பார்த்தார்கள். வைட்டமின் டி அடிமட்டத்தில் இருந்தது.

சித்தப்பா வந்துவிட்டார். பதினோரு கமிட்டிகளில் இருந்து ஓய்வு பெற்றவர். பதினொன்றும் எதையும் முடிவு செய்ததில்லை. ரிப்போர்ட்டைத் தீர்ப்பு வாசிப்பதுபோல் ஏந்திக்கொண்டார்.

"நோயைக் கண்டுபிடிச்சாச்சு. வெயில் படல, மூளை குழம்பிடுச்சு. மாத்திரையாவது மண்ணாங்கட்டியாவது."

"இந்த நோய் இருக்கறவங்கள்ல நிறைய பேருக்கு வைட்டமின் டி கம்மியா இருக்குமாம் சித்தப்பா. அதனால நோயா, நோய் வந்து உள்ளயே கெடக்கறதால கம்மியான்னு சரியாத் தெரியலன்னார் டாக்டர்."

"தெரியலன்னு சொல்ல ஒரு டாக்டரா? அதை நானே சொல்வேனே."

"முப்பது வருஷம் அதைத்தானே சொன்னீங்க," என்றாள் அம்மா.

ஆனாலும் வார்டு பயம். மாத்திரையோடு வெயிலும் சேரட்டும் என்று, தம்பி குளிக்கப் போன நேரத்தில் ஸ்டூலில் ஏறினேன். சித்தப்பா கீழே நின்று தலைமை தாங்கினார்.

கழற்றும்போது திரையின் அடி கலகலத்தது. திரை நேராகத் தொங்க அடிமடிப்பில் ஈயக்குண்டு வைப்போம். ஒவ்வொன்றையும் தனியாக இறுக்கித் தைப்பதால் சத்தம் வராது. தையலைப் பிரித்தேன். வெள்ளை வெள்ளையாகக் கொட்டியது. எட்டு மாத மாத்திரை. ஈயம் ஒன்றுகூட இல்லை.

"இது... வைட்டமினா?" என்றார் சித்தப்பா.

ஈரத் தலையோடு தம்பி வாசலில் நின்றான். கோபமே இல்லை.

"அடியில கனம் இல்லன்னா அவங்க தூக்கிட்டு எட்டிப் பாப்பாங்கண்ணா."

யார் என்று கேட்க வாயெடுத்த சித்தப்பாவை அம்மா பார்வையாலேயே உட்கார வைத்தாள்.

டாக்டருக்குப் போன் செய்தேன். முதலிலிருந்து சின்ன அளவில் ஆரம்பிக்கலாம், ஆனால் நிஜமாகவே விழுங்க வேண்டும் என்றார். கடையிலிருந்து ஈயக்குண்டுப் பெட்டியை எடுத்து வந்தேன்.

"மாத்திரையில என்னடா கனம் இருக்கு? நீ தினம் ஒண்ணு முழுங்கு. நான் தினம் ஒண்ணு தைக்கறேன்."

ஒரு குண்டை எடுத்து உள்ளங்கையில் எடை பார்த்தான். "என் கண்ணெதிர்ல தைக்கணும்."

விழுங்கினான். நாக்கை நீட்டி, மேலும் கீழும் காட்டினான். காலையில் ஒரு ஜாண் திரையை விலக்கவும் சம்மதித்தான். அதை மறுபடி மாட்டி, தரையில் உட்கார்ந்து, இடது மூலையில் முதல் குண்டைத் தைத்து முடித்தேன்.

வெறுமையாக இருந்த வலது மூலை மெல்ல எழும்பி, அமர்ந்தது.

"பாத்தியாண்ணா?"

"ஃபேன் காத்துடா."

அந்த அறையின் ஃபேனை, அவனுக்காகப் பயந்து, நானே கழற்றி இரண்டு வருடம் ஆகிறது. ஜன்னல் சாத்தியிருந்தது. அவன் மேலே வெறும் கொக்கியைப் பார்த்தான். பிறகு என்னை, இரக்கத்தோடு.

நான் ஊசியில் நூல் கோத்தேன். முதல் தடவை கோக்க வரவில்லை.

"இன்னிக்கு மட்டும் ரெண்டா தைச்சிடலாம்," என்றேன்.